மூச்சுக்கேற்ற தீனி

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பத்து ஆண்டு முடிந்ததும் காரை ஒப்படைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. “நல்லாத்தானே ஓடுது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்” என்று வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்பவர்கள் இன்னொரு வகை.

இரண்டாவது வகைக்குள் ஒரு சிறு கூட்டம் உண்டு. அவர்களிடம் இருப்பது பழைய டர்போ கார். சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ், மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் என்று சொன்னாலே அவர்கள் முகம் மலர்ந்துவிடும். மற்றவர்கள் வார இறுதியில் கடைத்தொகுதிக்குப் போனால், இவர்கள் பட்டறைக்குப் போவார்கள். இரண்டு டர்போக்காரர்கள் சந்தித்தால் முதலில் வரும் கேள்வி, “எவ்வளவு பூஸ்ட் ஓட்டுறீங்க?” என்பதுதான்.

இந்தக் கேள்வியே பாதிக் கேள்விதான். மீதிப் பாதியைக் கேட்காமல் விட்டதால் எஞ்சினை இழந்தவர்கள் பலர். என் தாய்மாமாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்க வேண்டியவர். அவர் தப்பித்த விதத்தைச் சொன்னால், டர்போ என்றால் என்ன, ட்யூனிங் என்றால் உண்மையில் என்ன என்பது கார் பித்து இல்லாதவர்களுக்கும் புரியும். இன்று நம்மூரில் விற்கும் புதிய குடும்பக் கார்களில் பல, சிறிய டர்போ எஞ்சின் கொண்டவை. ஆகவே இது உங்கள் காரின் கதையாகவும் இருக்கலாம்.

ஐந்தாண்டு காகிதம்

முதலில் பணக் கணக்கு. 2023 அக்டோபரில், பெரிய கார்களுக்கான ‘பி’ பிரிவு சான்றிதழ்க் கட்டணம் 150,001 வெள்ளியைத் தொட்டது. காருக்கான விலை அல்ல அது, காரைப் பத்து ஆண்டு வைத்துக்கொள்வதற்கான உரிமையின் விலை. பழைய காரைத் தொடர்ந்து வைத்திருக்க நினைப்பவர், கடந்த மூன்று மாதக் கட்டணங்களின் சராசரியைக் கட்டிப் பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். அதில் பாதியைக் கட்டி ஐந்து ஆண்டுகளுக்கும் புதுப்பிக்கலாம்.

ஐந்தாண்டில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை மறுபடியும் புதுப்பிக்க முடியாது. காலம் முடிந்தால் காரின் பதிவை ரத்து செய்ய வேண்டியதுதான். இதற்கிடையே பத்து வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியில் ஆண்டுதோறும் 10 விழுக்காடு கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போய் 50 விழுக்காட்டில் நிற்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இருந்த பரிசோதனையும் ஆண்டுக்கு ஒருமுறை ஆகிவிடும்.

மாமா ஐந்தாண்டுக்குத்தான் கட்டினார். ஈசூனில் நாலறை வீட்டில் மாமியுடன் இருக்கிறார். வயது 63. “இதுதான் என் கடைசி காரு. இது போனதும் எம்ஆர்டி, பஸ்தான்” என்று எங்களிடம் சொல்லிவிட்டார். ஜப்பானில் செய்த 2.0 லிட்டர் டர்போ கார் அது. முந்தைய உரிமையாளரிடமிருந்து வாங்கியது. எஞ்சின் பாதியில் போனால் அவருக்கு இருப்பது இரண்டே வழி. இரண்டு ஆண்டுகூட ஓடாத காருக்குப் பல ஆயிரம் வெள்ளி கொட்டி எஞ்சினைப் பிரித்துக் கட்டலாம். அல்லது சான்றிதழில் மீதியிருக்கும் காலத்துக்கான தொகையை வாங்கிக்கொண்டு காரை முன்கூட்டியே ஒப்படைக்கலாம். இரண்டாவதில் பணம் கொஞ்சம் திரும்பும், கார் திரும்பாது.

இப்படிப்பட்ட நிலையில்தான் மாமா ஒரு நாள், “வண்டி மேட்டுல இழுக்க மாட்டேங்குது. பூஸ்டக் கொஞ்சம் ஏத்தணும்” என்று கிளம்பினார். மாமி எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். “நீ ரேடியோவுல ஊருக்கெல்லாம் புத்தி சொல்றியே, உங்க மாமாவுக்குக் கொஞ்சம் சொல்லேன்.” புத்தி சொல்ல என்னால் முடியவில்லை. கூடப் போக முடிந்தது.

முருகன் பக்கத்தில் பட்டறைகள்

ஈசூன் தொழிற்பேட்டை ‘ஏ’ பகுதியை நம்மவர்கள் பலருக்குப் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தால்தான் தெரியும். பங்குனி உத்திரத்துக்குக் காவடிகள் போகும் கோயில். அந்த வட்டாரத்திலேயே கார் பட்டறைகளும் உண்டு. பொங்கல் வாசனையும் எஞ்சின் ஆயில் வாசனையும் ஒரே காற்றில் வரும் இடம் சிங்கப்பூரில் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா போகும் பட்டறையில் வேலை செய்பவர் ஜோகூரிலிருந்து தினமும் விடியற்காலையில் பாலத்தைக் கடந்து வரும் தமிழர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மாமா சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“அங்கிள், பூஸ்ட் ஏத்துறது ரெண்டு நிமிஷ வேலை. ஏத்துன காத்துக்குப் பெட்ரோல் வருதான்னு பார்க்கிறதுதான் வேலை. அத முதல்ல பார்ப்போம்.”

இந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் எல்லாமே இருக்கிறது. விளக்குகிறேன்.

காற்று எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு

சாதாரண எஞ்சின் தானாக மூச்சு இழுக்கிறது. டர்போ எஞ்சினுக்கு மூச்சு ஊட்டப்படுகிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடிய சக்கரங்கள் அவை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி இதற்கான காப்புரிமையை 1905-லேயே வாங்கிவிட்டார். வீணாகப் போகும் புகையை வேலை வாங்குவதுதான் அவருடைய யோசனை.

நம்மைச் சுற்றியுள்ள காற்றின் இயல்பான அழுத்தம் ஏறக்குறைய 1 பார். பூஸ்ட் முள் 0.8 பார் காட்டுகிறது என்றால் எஞ்சின் வாசலில் காற்றின் அழுத்தம் 1.8 பார் என்று பொருள். அதிகக் காற்று, அதிகப் பெட்ரோல், அதிக சக்தி. இதுவரை கணக்கு எளிது.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை. விரைவுச்சாலையில் நிதானமாகப் போகும்போது காரின் கணினி இந்த 14.7-ஐப் பிடித்துக்கொண்டே ஓட்டும். முழு பூஸ்டில் அந்த அளவு உதவாது. அப்போது 11 அல்லது 12 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் கொடுப்பார்கள். கூடுதலாகப் போகும் பெட்ரோல் எரிவதற்காக மட்டும் அல்ல. அது ஆவியாகும்போது சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டைத் தணிக்கிறது. பட்டறை மொழியில் இது ‘ரிச்’ கலவை. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் அது ‘லீன்’.

சூடு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? சைக்கிள் டயருக்குக் கைப்பம்பில் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை அழுத்தினால் சூடேறும். நம்மூர் மதிய வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியதுதான். அந்தக் காற்றை டர்போ 1.8 மடங்கு அழுத்தி வெளியே விடும்போது அது 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதனால்தான் வழியில் இண்டர்கூலர் என்ற குளிர்விப்பான் இருக்கிறது. பூஸ்டை இன்னும் ஏற்றினால் காற்றோடு சூடும் ஏறும். குளிர்நாட்டு ஓட்டுநர் ஒருவர் வீடியோவில் காட்டும் பூஸ்ட் அளவை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இது முதல் காரணம்.

சூடும் அழுத்தமும் எல்லை மீறும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ வந்து சேர்வதற்கு முன்பே சிலிண்டரின் ஓரத்தில் இருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். இதற்குப் பெயர் நாக்கிங். சுத்தியலால் தட்டுவது போன்ற அடி அது. ஓரிரு அடிகளை எஞ்சின் தாங்கும். தொடர்ந்து விழுந்தால் பிஸ்டனின் வளையங்கள் உட்காரும் விளிம்பு உடையும், பிஸ்டனே உருகவும் கூடும். லீன் கலவையும் அதிக பூஸ்டும் சேர்ந்தால் நாக்கிங் வருவதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை.

கணினி பார்க்காத இடம்

“கணினி இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா?” என்று நானும் கேட்டேன். பார்த்துக்கொள்ளும், ஓரளவுக்கு.

பழைய கார்களின் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு ஒரு கேள்விக்குத்தான் பதில் தெரியும்: கலவை 14.7-க்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? 11.5-க்கும் 13-க்கும் வித்தியாசம் சொல்ல அதற்குத் தெரியாது. அதனால் முழு பூஸ்டில் கணினி அந்த சென்சாரை நம்புவதே இல்லை. தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்து, “இந்த வேகத்துக்கு, இந்தக் காற்றுக்கு, இவ்வளவு பெட்ரோல்” என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும். அந்தப் பெட்ரோல் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது.

கார் புதிதாக இருந்தபோது எழுதிய அட்டவணை அது. அதற்குப் பிறகு பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் நுனியில் கசடு படிந்திருக்கலாம். அட்டவணைக்கு வயதாகவில்லை, காருக்கு வயதாகிவிட்டது.

கணினிக்கு ஒரு காது மட்டும் உண்டு. எஞ்சின் கட்டையில் பொருத்தியிருக்கும் நாக் சென்சார். தட்டல் கேட்டதும் ஸ்பார்க் அடிக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். எஞ்சின் தப்பிக்கும், சக்தி குறையும். ஓட்டுநருக்கு வண்டி ‘இழுக்கவில்லை’ என்று தோன்றும். அவர் பூஸ்டை ஏற்றச் சொல்வார்.

மாமா கேட்டது அதைத்தான்.

இந்தக் காதின் வரலாறு சுவையானது. ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் 1962-ல் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்றபோது, நாக்கிங்கைத் தடுக்க தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தது. ஓட்டுநர் அந்தத் தொட்டியை மறக்காமல் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சுவீடனின் சாப் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் வேறு வழி கண்டது. எஞ்சினின் தட்டலைக் கேட்டு, அதற்கேற்ப பூஸ்டைத் தானாகவே குறைக்கும் ஏற்பாடு அது. எஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்ட பிறகே அதற்குக் காற்று ஊட்ட வேண்டும் என்ற பாடம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

மறைந்திருந்த குமிழ்

அண்ணன் முதலில் செய்தது பூஸ்டைத் தொடாமல் இருந்ததுதான். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி விளக்கடியில் வைத்துக் காட்டினார். இளம் பழுப்பாக இருக்க வேண்டிய பீங்கான் பகுதி வெளுத்துக் கிடந்தது. அதன் மேல் மிளகுத்தூள் தூவியது போல் பொடிப் பொடிப் புள்ளிகள். “இது லீன், இந்தப் புள்ளி நாக்கிங்” என்றார். மாமா முகம் மாறிவிட்டது.

அடுத்து ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தத்தை அளந்தார். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. எஞ்சின் இன்னும் உடையவில்லை. மாமா அதுவரை பிடித்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டார் என்று நினைக்கிறேன்.

பிறகு ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். டர்போவிலிருந்து வேஸ்ட்கேட்டுக்குப் போகும் மெல்லிய குழாயின் நடுவே, ஒரு கவசத்துக்குப் பின்னால், விரல் அளவு பித்தளைக் குமிழ் ஒன்று இருந்தது. முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ மாட்டியது. மாமாவுக்கு அது இருப்பதே தெரியாது.

வேஸ்ட்கேட் என்பது டர்போவின் பாதுகாப்புக் கதவு. பூஸ்ட் குறித்த அளவை எட்டியதும் அந்தக் குழாய் வழியாக வரும் அழுத்தம் கதவைத் தள்ளித் திறக்கும். மிச்சப் புகை சக்கரத்தைச் சுற்றாமல் வேறு வழியாக வெளியேறும். இந்தப் பித்தளைக் குமிழ் அந்த அழுத்தத்தில் கொஞ்சத்தைக் கசியவிட்டுக் கதவை ஏமாற்றுகிறது. கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும். விலை மலிவு, மாட்டுவது சுலபம். அது காற்றை மட்டும் கூட்டும், ஒரு சொட்டு பெட்ரோலைக்கூடக் கூட்டாது.

சாலையில் இதைச் சோதிக்க வழியில்லை. நம் விரைவுச்சாலைகளில் அதிகபட்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். ஆகவே காரை டைனோ உள்ள இடத்துக்குக் கொண்டுபோனோம். காரின் சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவைத்து அளக்கும் கருவி அது. புகைக்குழாயில் ‘வைட்பேண்ட்’ எனப்படும் துல்லியமான சென்சாரைச் செருகினார்கள். பெட்ரோல் குழாயில் ஓர் அழுத்தமானி.

முள் 0.8-ஐத் தாண்டி 1.1 பாருக்குப் போனது. தொழிற்சாலை அளவைவிட 0.3 அதிகம். அதே நேரத்தில் கலவை 11-லிருந்து 12, 12.5, 13 என்று ஏறிக்கொண்டே போனது. அண்ணன் கையை உயர்த்தினார். ஓட்டத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பெட்ரோல் அழுத்தமானி காரணத்தைச் சொன்னது. டர்போ காரில் பூஸ்ட் ஏற ஏறப் பெட்ரோல் அழுத்தமும் கூடவே ஏற வேண்டும். பூஸ்ட் இல்லாதபோது 3 பார் என்றால், 0.8 பார் பூஸ்டில் 3.8 பார். அப்போதுதான் எதிரே தள்ளும் காற்றை மீறி இன்ஜெக்டர் அதே அளவு தெளிக்கும். மாமாவின் காரில் முள் ஏற வேண்டிய இடத்தில் இறங்கியது. பம்ப் களைத்துவிட்டது.

வானொலிக்காரனாக எனக்கு இது சட்டென்று புரிந்தது. ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒலி அளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் குரல் உடைந்துவிடும். அதனால் எப்போதும் கொஞ்சம் இடைவெளி விட்டே பேசுவோம். விருந்தினர் திடீரென்று சிரித்தால் அந்த இடைவெளிதான் காப்பாற்றும். மாமாவின் எஞ்சினில் அந்த இடைவெளியே இல்லை.

ஏற்றுவதற்கு முன் இறக்குவது

பித்தளைக் குமிழ் கழன்றது. புதிய பெட்ரோல் பம்ப், வடிகட்டி, ஸ்பார்க் பிளக்குகள், வெடிப்பு விழுந்த ரப்பர் குழாய்கள் மாற்றப்பட்டன. பிறகு மறுபடியும் டைனோ. பூஸ்ட் 0.8 பாரில் ஏறி நின்றது. கலவை 11.5-ஐ ஒட்டியே கடைசி வரை போனது. நாக் சென்சார் ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளவில்லை. கணினியின் அட்டவணையில் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. அட்டவணை சொன்னது கடைசியில் எஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில் சிலேத்தர் விரைவுச்சாலையில் மாமா ஒரு மேட்டில் மிதித்துப் பார்த்தார். “இப்ப இழுக்குதுடா” என்றார். பூஸ்டைக் குறைத்ததும் வண்டி இழுக்கிறது என்பதை மாமியிடம் எப்படி விளக்குவது என்றுதான் அவருக்குக் கவலை.

இன்னும் ஏற்ற வேண்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. சிப்பாங் பந்தயத்தடத்தில் ஓட்டுபவர்களுக்கு அதற்கான காரணமும் இருக்கிறது. அவர்களுக்கு அண்ணன் சொல்லும் வரிசை இது. எஞ்சினின் ஆரோக்கியம் முதலில். அடுத்து பெட்ரோல் ஏற்பாடு, அதாவது பம்பும் இன்ஜெக்டர்களும் புதிய தேவைக்குப் போதுமா என்ற கணக்கு. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் பெரியதாக மாற்ற வேண்டும். பிறகு குறைந்த பூஸ்டில் கலவையையும் ஸ்பார்க் நேரத்தையும் சரிசெய்வது. கடைசியாகத்தான் பூஸ்ட். அதுவும் 0.1 பார் ஏற்றி, அளந்து, எஞ்சினை ஆறவிட்டு, மறுபடியும் 0.1. பலர் செய்வது இதைத் தலைகீழாக.

ஒரு முக்கியமான எச்சரிக்கையும் உண்டு. பூஸ்ட் அளவு மீறினால் கணினி பெட்ரோலை நிறுத்தி எஞ்சினைக் காப்பாற்றும். கார் திடீரென்று குலுங்கி நிற்பது போலிருக்கும். அந்தப் பாதுகாப்பை ஏமாற்றும் சிறு பெட்டிகள் விற்கின்றன. காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவைப்பதற்கு அது சமம்.

ஈப்போவரை போகும் கணக்கு

மாமாவின் காரில் இன்னொரு கணக்கும் இருந்தது. ஈப்போவில் மாமியின் அக்கா வீடு. தீபாவளிக்குப் பிறகு எல்லாரும் ஒரே காரில் அங்கே போவது வழக்கம்.

நம்மூர் கார் உட்லண்ட்ஸைக் கடக்கும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஜோகூர் பாருவிலிருந்து ஈப்போவுக்கு 500 கிலோமீட்டருக்கும் மேல். வழியில் ஒருமுறை நிரப்பியே ஆக வேண்டும். இங்கே மாமா போடுவது 98 ஆக்டேன். அங்கே ரான்95 சிங்கப்பூர்ப் பதிவு கார்களுக்கு விற்கப்படாது, எளிதில் கிடைப்பது ரான்97. ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் சக்தி அல்ல. அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கித் தானாக வெடிக்காமல் இருக்கும் பொறுமையின் அளவு. 98-ஐ நம்பி விளிம்புவரை ட்யூன் செய்த காருக்கு 97 போட்டு, ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏற்றி, வெயிலில் மலையேற்றினால் அந்த ஓர் எண் குறைவும் கணக்கில் வரும்.

“அங்கிள், டைனோவுல நல்ல நம்பர் வர்றதுக்கு ட்யூன் பண்ணக்கூடாது. நீங்க போற மோசமான ரோட்டுக்கு, கிடைக்கிற பெட்ரோலுக்கு, ஆண்ட்டியும் பின்னாடி உட்கார்ந்திருக்காங்கன்னு நினைச்சு ட்யூன் பண்ணணும்” என்றார் அண்ணன். பட்டறைச் சுவரில் எழுதிவைக்கலாம்.

சட்டமும் காப்புறுதியும்

காரில் எதை மாற்றலாம் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. அனுமதி தேவைப்படாதவை, அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை, எந்தச் சூழலிலும் செய்யக்கூடாதவை. பட்டியல் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் இருக்கிறது. டர்போ, எக்ஸாஸ்ட் போன்றவற்றில் கைவைக்கும் முன் அதைப் படித்துவிடுவது நல்லது. “எல்லாரும் பண்றாங்க” என்று பட்டறையில் யாராவது சொன்னால், பரிசோதனையில் தோற்று நிற்கப்போவது அவர் கார் அல்ல.

மாற்றம் எதுவானாலும் காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்ட ஒரு மாற்றம், விபத்து நடந்த பிறகு இழப்பீட்டுக்கு முட்டுக்கட்டை ஆகலாம். பழைய காரை இரண்டாம் கையாக வாங்குபவர்கள், முந்தைய உரிமையாளர் என்ன மாட்டியிருக்கிறார் என்பதை வாங்கும் முன்பே ஒரு பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். மறைந்திருக்கும் குமிழ்கள் மாமாவின் காரில் மட்டும் இல்லை.

உங்கள் காருக்கும்

1.0 அல்லது 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் உள்ள புதிய காரில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது? சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எரிபொருள் மூடியில் எழுதியிருக்கும் ஆக்டேனுக்குக் கீழே போடாதீர்கள். அதற்கு மேல் போட்டால் பெரிய லாபம் இருக்காது, கீழே போட்டால் கார் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கும். எஞ்சின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுங்கள். லட்சம் சுற்றுச் சுழலும் அந்தத் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. காலையில் கிளம்பியதும் முதல் சில நிமிடம் அழுத்தி மிதிக்காதீர்கள்.

வேகமெடுக்கும்போது கறுப்புப் புகை வந்தால் கலவை ரிச்சாகிறது. டர்போவுக்குப் பின்னால் ஒரு குழாய் வெடித்து, அளந்த காற்று வெளியே கசிகிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மேட்டில் ஏறும்போது உலோகக் குண்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் கேட்டால் உடனே மிதியிலிருந்து காலை எடுங்கள். அது நாக்கிங். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் நிதானமாக ஓரம் கட்டுங்கள்.

பட்டறையில் யாராவது காரை ட்யூன் செய்து கொடுத்தால் ஒரு காகிதம் கேட்டு வாங்குங்கள். அதில் பூஸ்ட் கோடு மட்டும் இருந்தால் போதாது. காற்றும் பெட்ரோலும் கலந்த விகிதத்தின் கோடும் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது கோட்டைக் காட்டத் தயங்கும் இடத்தில் முதல் கோட்டை நம்ப வேண்டியதில்லை.

மாமா அப்படி ஒரு காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். அவருடைய சான்றிதழில் இன்னும் பத்தொன்பது மாதம் மீதி. அதுவரை ஈப்போவுக்கு இரண்டு முறை போகலாம் என்று மாமி கணக்குப் போட்டிருக்கிறார். அதன் பிறகு கார் போய்விடும், அதில் மாற்றமில்லை. “காகிதம் முடிஞ்சு போகட்டும். எஞ்சின் முடிஞ்சு போகக்கூடாது” என்கிறார் மாமா.